மிஷின் தப்பு

மருத்துவமனையில் எனக்குத் 'தராசு' என்று பெயர். பிரசவ அறையில் இருபத்திரண்டு வருட சர்வீஸ். பிள்ளை பிறந்து, நஞ்சுக்கொடி விழுந்து, தாய்க்குத் தையல் போட்டு முடித்ததும் நனைந்த துணிகளையும் தட்டையும் ஒரு பார்வை பார்ப்பேன். "முந்நூத்தம்பது" என்பேன். அத்தனை மில்லி ரத்தம் போயிருக்கிறது என்று அர்த்தம். அது அப்படியே பதிவேட்டில் ஏறிவிடும். மறுபேச்சு கிடையாது. பக்கத்து அறையில் சந்தேகம் வந்தால்கூட "தராசைக் கூப்பிடு" என்று ஆள் அனுப்புவார்கள். நான் போய் வாசலில் நின்றபடியே ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுத் திரும்புவேன். கொஞ்சம் அலட்டல்தான். இருபத்திரண்டு வருடம் நின்ற காலுக்கு அந்த அலட்டல்கூட இல்லாவிட்டால் எப்படி?

இந்தப் பெருமைக்கு உலை வைக்க வெளியிலிருந்து யாரும் வரவில்லை. என் நாத்தனார்தான் வந்தாள். அவளும் நர்ஸ் படிப்புதான். ஆனால் எங்களை மாதிரி வார்டில் நின்று கால் வீங்காமல் மேலே மேலே படித்தாள். டாக்டர் பட்டம் வாங்கினாள். இப்போது எங்கள் மருத்துவமனையை ஒட்டிய நர்சிங் கல்லூரியில் ஆராய்ச்சிப் பிரிவில் இருக்கிறாள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, அட்டவணை போடுகிற டாக்டர். நான் அவளை 'டாக்டரம்மா' என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணமாகி அடுத்த தெருவிலேயே இருப்பதால் ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் எங்கள் வீட்டில் இருப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கையில் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தாள். திறந்தால் எடை மிஷின். தட்டையானது, மேலே எண் ஒளிரும்.

"என்ன டாக்டரம்மா, காய்கறிக் கடை போடப் போறியா?"

"உங்க ரூமுக்குத்தான் அண்ணி. பிரசவம் ஆனதும் நனைஞ்ச துணியை எல்லாம் இதுல வெச்சு எடை பார்க்கணும். காஞ்ச துணியோட எடையைக் கழிச்சா, ஒரு கிராமுக்கு ஒரு மில்லின்னு எத்தனை ரத்தம் போச்சுன்னு தெரிஞ்சுடும்."

"அதான் பார்த்தாலே தெரியுதே."

"தெரியாது அண்ணி. கண்ணு குறைச்சுத்தான் சொல்லும்."

"எந்தக் கண்ணு?"

"எல்லாக் கண்ணும்தான்."

"என் கண்ணுமா?"

அவள் பெட்டியின் மூடியை மடித்தாள். என் வீட்டுக்காரர் மெல்ல எழுந்து, காயப்போட வேண்டிய துணி எதுவும் இல்லாமலே மொட்டை மாடிக்குப் போய்விட்டார். மனைவிக்கும் தங்கைக்கும் நடுவில் உட்கார்ந்து அவருக்குப் பழக்கம் அதிகம்.

அவள் சொன்ன காரணத்தில் எனக்குக் கருத்து வேறுபாடு கிடையாது. பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் அதிகம் போனால் தாய் கைவிட்டுப் போய்விடுவாள், அதுவும் மளமளவென்று. ஐந்நூறு மில்லியைத் தாண்டினால் உடனே மருந்து கொடுக்க வேண்டும், வயிற்றைப் பிடித்துவிட வேண்டும், டாக்டரைக் கூப்பிட வேண்டும். நானூறு என்று எழுதிவிட்டால் இது ஒன்றும் நடக்காது, அவளைத் தள்ளுவண்டியில் ஏற்றி வார்டுக்கு அனுப்பிவிடுவோம். ஆக எல்லாம் அந்த எண்ணில்தான் இருக்கிறது. அது எனக்கும் தெரியும். அந்த எண்ணைச் சொல்ல என் கண் போதாது என்று அவள் சொன்னதுதான் எனக்கு ஆகவில்லை.

"சரி, உன் ஆராய்ச்சியை என் ரூம்லயே பண்ணு. மூணு மாசம். கடைசியில உன் மிஷினை எந்த மூலையில போடறதுன்னு நானே இடம் காட்டறேன்" என்றேன்.

அவளுக்கு வேண்டியதும் அதுதான் போலிருக்கிறது. சிரித்தபடி பையிலிருந்து எட்டுப் பக்கத் தாள் ஒன்றை எடுத்தாள். எல்லாம் தயாராக எழுதி வைத்திருந்தாள், கள்ளி.

எங்கள் மருத்துவமனையில் ஆறு பிரசவ அறைகள். பெரிய டாக்டர் என்று நாங்கள் சொல்லும் மகப்பேறு பிரிவின் தலைவி கறாரான பெண்மணி. அவர் சொன்னது இதுதான்: கண் சரி என்று வந்தால் மிஷின் வேண்டாம், கண் தப்பு என்று வந்தால் ஆறு அறைக்கும் மிஷின் வாங்கி, எடை பார்க்காமல் எந்தத் தாயையும் வார்டுக்கு அனுப்பக் கூடாது என்று சட்டமாக்கிவிடலாம். அதற்கு முன் என்னைப் பார்த்து, "நம்மகிட்டதான் ஒரு தராசு இருக்கே, இன்னொண்ணு எதுக்கு?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நாத்தனாரும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை, தலையை மட்டும் லேசாக ஆட்டிக்கொண்டேன்.

ஆராய்ச்சியின் நடைமுறை எளிதானது. பிரசவத்துக்கு வரும் பெண்ணிடம் முன்கூட்டியே விளக்கிச் சம்மதம் வாங்க வேண்டும். பிரசவம் முடிந்ததும் நர்ஸ் தன் கண்ணுக்குப் பட்ட அளவை ஒரு சீட்டில் எழுதி, மடித்து, பூட்டிய பெட்டியில் போட வேண்டும். துணிகளையெல்லாம் ஒரு பையில் கட்டிப் பின்பக்கத்துத் துணி அறைக்கு அனுப்ப வேண்டும். அங்கே எடை போடுபவர் எடையைத் தனித் தாளில் எழுத வேண்டும். ஐந்நூறைத் தாண்டினால் மட்டும் அங்கிருக்கும் மணியை அடிக்க வேண்டும், நாங்கள் உடனே தாயைக் கவனிப்போம். மற்றபடி சீட்டில் என்ன இருக்கிறது என்று எடை போடுபவருக்குத் தெரியாது, எடை என்ன என்று எங்களுக்குத் தெரியாது. என் அறையில் எல்லா ஷிப்டிலும் வேலை பார்க்கும் ஒவ்வொரு நர்ஸுக்கும் ஒரு எண். எனக்கு நாலு.

காலை ஷிப்டில் என் அறைத் துணிகளை எடை போட்டது எங்கள் ஆயாம்மா. பதினாறு வருடமாக என்னோடு இருப்பவர். தரையைத் துடைப்பதும், தாய்க்கு முதுகைப் பிடித்துவிடுவதும், வெளியே காத்திருக்கும் மாமியார்களை ஒரே அதட்டலில் உட்கார வைப்பதும் அவர்தான். மிஷினைப் போடவும் அணைக்கவும் நாத்தனார் சொல்லிக் கொடுத்தபோது, ஏதோ விமானம் ஓட்டக் கற்பவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்டார்.

மூன்று மாதம் ஓடியது. என் கையில் மட்டும் அறுபத்து நாலு பிரசவம்.

முடிவு வந்த அன்று நாத்தனார் என்னைக் கல்லூரிக்குக் கூப்பிட்டாள். அவள் அறையில் இரண்டு நாற்காலி, ஒரு கணினி, சுவரில் கோடுகோடாக வரைபடம். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"மத்த எல்லாரும் மூணுல ஒரு பங்கு குறைச்சுத்தான் சொல்லியிருக்காங்க அண்ணி. நான் நெனைச்ச மாதிரியே. நாலாம் நம்பர் மட்டும்..."

"மட்டும்?"

"அறுபத்து நாலுலயும் பத்து, பதினஞ்சு மில்லிக்கு மேல வித்தியாசமே இல்லை. மூணு தடவை போட்டுப் பார்த்துட்டேன். இப்படி ஒரு கண்ணை நான் எந்த ஆராய்ச்சியிலயும் படிச்சதில்ல." கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள். "நீங்க ஜெயிச்சுட்டீங்க அண்ணி."

எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய மனது பண்ணி அவள் தோளைத் தட்டிக்கொடுத்தேன். வரும் வழியில் பேக்கரியில் கேக் வாங்கிக்கொண்டு போய் வீட்டுக்காரரை வலுக்கட்டாயமாகச் சாப்பிட வைத்தேன். அவர், "சந்தோஷம்தான், ஆனா அவளை ரொம்ப நோகடிக்காதே" என்றார். நான் எங்கே நோகடித்தேன்? இரண்டு முறைதான் போன் செய்து, "டாக்டரம்மா, மிஷினுக்கு இடம் பார்த்தாச்சா?" என்று கேட்டேன்.

செய்தி அதற்குள் பெரிய டாக்டர் காதுக்கும் போய்விட்டது. வியாழக்கிழமை கூட்டம். மிஷின் வேண்டாம், அதற்குப் பதிலாக மற்ற நர்ஸுகளுக்கு நானே வகுப்பெடுத்து என் கண்ணை அவர்களுக்கும் கற்றுக்கொடுக்கலாம் என்று பேச்சு. நாத்தனார் ஒரு சொல் எதிர்த்துச் சொல்லவில்லை. எண்கள் சொல்வதை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவள் தொழிலின் கட்டுப்பாடாம்.

செவ்வாய்க்கிழமை ஷிப்ட் முடிந்ததும், மிஷினைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று துணி அறைக்குப் போனேன். ஆயாம்மா ரப்பர் விரிப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"ஜெயிச்சுட்டீங்களாமே சிஸ்டர்! எல்லாரும் பேசிக்கறாங்க."

"நீங்க ஒழுங்கா எடை போட்டதாலதானே ஆயாம்மா."

"ஐயோ, அந்த லொடக்கு மிஷினை வெச்சுக்கிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நீங்க முந்நூத்தம்பதுன்னு சொல்லியிருப்பீங்க, அது அறுநூத்துப் பத்துன்னு காட்டும். என்ன திமிர் பாருங்க."

நான் மிஷினை எடுக்கப் போன கையை நிறுத்தினேன்.

"நான் சொன்னது உங்களுக்கு எப்படித் தெரியும்? சீட்டுல எழுதிப் பெட்டியிலதானே போட்டேன்?"

"எழுதறதுக்கு முன்னாடி வாய்விட்டுச் சொல்லுவீங்களே சிஸ்டர். பதினாறு வருஷமா காதால கேக்கறேன். உங்க குரல் இங்க வரைக்கும் வரும்."

எண்ணை வெளியே சொல்லக் கூடாது என்று நாத்தனார் முதல் நாளே சொல்லியிருந்தாள். சொல்கிறேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. கை கழுவுவது மாதிரி, அது தன்னால் நடந்திருக்கிறது.

"அறுநூத்துப் பத்துன்னு காட்டினா என்ன பண்ணுவீங்க?"

"அணைச்சுட்டுத் திரும்பப் போடுவேன். ரெண்டு தட்டுத் தட்டுவேன். மறுபடியும் அதையே காட்டும். ஒரு மிஷினுக்காக உங்க பேரைக் கெடுக்க முடியுமா? முந்நூத்தறுபதுன்னு எழுதிடுவேன்."

"ஏன் முந்நூத்தறுபது?"

"முந்நூத்தம்பதுன்னே எழுதினா காப்பி அடிச்ச மாதிரி இருக்காதா?" என்றார், தன் சாமர்த்தியத்தை நானாவது கவனித்தேனே என்ற பூரிப்போடு.

"மத்த ஷிப்டுலயும் இதே மிஷின்தானே?"

"இதேதான் சிஸ்டர். அவங்களுக்கெல்லாம் நல்லாத்தான் வேலை செய்யுதாம். உங்க துணியை வெச்சாத்தான் அடம் பிடிக்குது."

"ஐந்நூறைத் தாண்டினா மணி அடிக்கணும்னு சொன்னாங்களே, ஆயாம்மா?"

"மிஷின் உளறதுக்கெல்லாம் மணி அடிச்சு டாக்டரை ஓட விடறதா? அதெல்லாம் அடிக்கலை. ஆனா நான் ஒண்ணும் ஏமாளி இல்ல. ரிப்பேர்க்காரன் வந்தா காட்டணும்னு, அது தப்பாக் காட்டினதை எல்லாம் தேதி போட்டு எழுதி வெச்சிருக்கேன்."

அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். அட்டையில் பென்சிலால் பெரிதாக 'மிஷின் தப்பு' என்று எழுதியிருந்தது. உள்ளே தேதி, நேரம், எடை என்று நாற்பத்தொரு வரிகள். அழகான, பொறுமையான கையெழுத்து.

நான் அதை வாங்கிக்கொண்டு உடை மாற்றும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

முதலில் வந்தது ரோஷம்தான். உண்மையைச் சொல்லிவிடுகிறேனே. துணியில் தண்ணீர் பட்டிருக்கும், பனிக்குடத்து நீர் கலந்திருக்கும், எழுதியவர் கணக்கைத் தப்பாகக் கழித்திருப்பார். இப்படி ஒவ்வொரு வரிக்கும் ஒரு சாக்குத் தேடிக்கொண்டே போனேன். பாதிப் பக்கம் தாண்டியதும் ஒரு வரியில் கண் நின்றுவிட்டது. ஒரு புதன்கிழமை, காலை பதினொன்றே கால், எண்ணூற்று நாற்பது.

அந்தப் புதன்கிழமை எனக்கு மறக்காது. தையல் வேலை செய்கிற பெண். தலைப்பிரசவம். பெண் குழந்தை, மூன்றேகால் கிலோ. நான் "நானூறு" என்றேன். நல்ல முகத்தோடு சிரித்தபடி வார்டுக்குப் போனாள். மறுநாள் காலை குளியலறை வாசலில் மயங்கி விழுந்து, நிலைப்படியில் நெற்றி பிளந்து, மூன்று தையல் போட்டு, இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினோம். நான்தான் ஓடினேன். ஓடிப் போய் அவளுடைய அம்மாவைத் திட்டினேன். "நேத்து ஒழுங்கா சாப்பிட வெச்சீங்களா இல்லையா? பெத்த பொண்ணைக் கவனிக்கக்கூட ஆள் வெக்கணுமா?" என்று வார்டே கேட்கும்படி கத்தினேன். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதாம்மா" என்றார்.

கையில் நோட்டோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. அந்தப் பெண் குளியலறைக்குப் போகாமல் படுக்கையிலேயே கண் மூடியிருந்தால், தூங்குகிறாள் என்று விட்டிருப்போம்.

இந்த நோட்டு இருப்பது எனக்கும் ஆயாம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். ஆயாம்மாவுக்கும் அதில் என்ன இருக்கிறது என்று புரியாது. கழிவு எரிக்கும் உலை பத்தடி தூரத்தில் இருந்தது. அதை நினைக்கவே இல்லை என்று சொன்னால் பொய். ஒரு டீ குடிக்கும் நேரம் நினைத்தேன். பிறகு எழுந்தேன். எனக்கு எதையும் என் கண்ணால் பார்த்தால்தான் ஆறும்.

ஸ்டோரில் சிவப்பு மை வாங்கி ஒரு வாளித் தண்ணீரில் கரைத்தேன். அளவு ஜாடியையும் உலர்ந்த துணிகளையும் எடுத்துக்கொண்டு மறுபடி துணி அறைக்குப் போனேன்.

"ஆயாம்மா, நான் வெளியே நிக்கறேன். ஜாடியில அளந்து துணி மேல ஊத்துங்க. எத்தனை ஊத்தினீங்கன்னு சொல்லக் கூடாது. நான் வந்து பார்த்துச் சொல்றேன்."

"விளையாட்டா சிஸ்டர்?"

"ஆமா, விளையாட்டுதான். ஊத்துங்க."

முதல் குவியலைப் பார்த்தேன். "இருநூறு." ஆயாம்மா கைதட்டினார். இருநூறேதான். இரண்டாவது, "முந்நூத்திருபது." முந்நூற்றைம்பது ஊற்றியிருந்தார். மோசமில்லை. மூன்றாவது குவியலைச் சுற்றி வந்து நிதானமாகப் பார்த்தேன். இருபத்திரண்டு வருடத்தையும் கண்ணில் கொண்டுவந்து பார்த்தேன். "நானூத்தம்பது" என்றேன்.

ஆயாம்மா கைதட்டவில்லை. ஜாடியைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எண்ணூறு சிஸ்டர்."

"மிஷின்ல வைங்க."

காய்ந்த துணியின் எடை போக மிஷின் எழுநூற்றுத் தொண்ணூற்றாறு காட்டியது. இன்னும் இரண்டு முறை செய்தோம். ஆயிரம் ஊற்றினால் ஐந்நூறு என்றேன், அறுநூறு ஊற்றினால் முந்நூற்றெண்பது என்றேன். குறைவாக இருக்கும்வரை என் கண்ணை அடித்துக்கொள்ள ஆளில்லை. கூடிக்கொண்டே போனால் அது பாதி வழியில் நின்றுவிடுகிறது. எந்த இடத்தில் ஒரு தாய்க்கு என் கண் தேவையோ, சரியாக அந்த இடத்தில் நான் குருடு.

"அப்ப மிஷின் ரிப்பேர் இல்லையா சிஸ்டர்?" என்றார் ஆயாம்மா. கையிலிருந்த ஜாடியைக் கீழே வைத்தார். "ஐயோ, நான் மணி அடிக்கலையே."

"உங்க மேல தப்பில்ல ஆயாம்மா. நீங்க என்னை நம்பினீங்க. நானும் என்னைத்தான் நம்பினேன்." அவரை ஸ்டூலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். இருவர் கையும் சிவப்பு மையாக இருந்தது.

அன்று மாலையே நாத்தனாரை வீட்டுக்கு வரச் சொன்னேன். என்னோடு கேக் சாப்பிடத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்துச் சலிப்போடு வந்தாள். சமையலறை மேடையில் நோட்டை வைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். முந்நூற்றறுபது வந்த கதையைச் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது, எண்ணூற்று நாற்பதைச் சொன்னபோது முகம் மாறியது.

நோட்டை வாங்கி முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். பென்சிலால் சின்னச் சின்ன கோடு போட்டுக்கொண்டே போனாள்.

"ஐந்நூறுக்கு மேல ஒன்பது பேர் அண்ணி. நீங்க ஒருத்தரைக்கூட ஐந்நூறுன்னு எழுதலை. மூணு பேருக்கு நாடித் துடிப்பைப் பார்த்து நீங்களே மருந்து குடுத்திருக்கீங்க, கேஸ் ஷீட்டுல பார்த்த ஞாபகம் இருக்கு. அஞ்சு பேர் தானா தேறியிருக்காங்க."

"ஒருத்தி விழுந்தா."

"ஆமா." நோட்டை மூடினாள். "இதை நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. வியாழக்கிழமை மிஷின் வேண்டாம்னு முடிவாகியிருக்கும்."

"தெரியும். அதான் சொல்றேன். இப்ப நீ என்னை வாங்கு வாங்குன்னு வாங்கலாம், வாங்கிக்கறேன்."

அவள் அதைச் செய்யவில்லை. தன் நெற்றியிலேயே அறைந்துகொண்டாள். "தப்பு என்னோடது அண்ணி. சீட்டுக்குப் பூட்டு போட்டேன், உங்க வாய்க்குப் போடலை."

"அது முடியற காரியமா?" என்றார் வீட்டுக்காரர் கூடத்திலிருந்து. மூவரும் சிரித்துவிட்டோம். சிரித்து முடித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வியாழக்கிழமைக் கூட்டத்தை அவள் தள்ளிப்போட்டாள். நடந்ததை ஆராய்ச்சிக்கு அனுமதி கொடுத்த குழுவுக்கு எழுதினாள். ஆயாம்மா பெயர் வரக் கூடாது என்று நான் அடம் பிடித்தேன். 'நர்ஸ் எண் நான்கு தன் மதிப்பீட்டை வாய்விட்டுச் சொன்னதால், எடை போட்டவருக்கு அது முன்பே தெரிந்திருந்தது' என்று எழுதினாள். அதுதான் உண்மையும்கூட. குழு என் அறுபத்து நாலையும் ஒதுக்கிவிட்டு, புதிதாக நாற்பது பிரசவத்துக்குத் திரும்பச் செய்யச் சொன்னது. விழுந்த பெண்ணை வரவழைத்துப் பரிசோதித்தோம். நன்றாக இருந்தாள், ரத்த அளவும் ஏறியிருந்தது. அவளிடம் நடந்ததைச் சொன்னேன். கூட வந்த அவள் அம்மாவிடம், "அன்னிக்கு உங்களைத் திட்டினது தப்பு, தப்பு என்னோடது" என்றேன். அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "பரவால்ல" என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

அந்த நாற்பதுக்கும் எடை போட ஆயாம்மாவையே வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டேன். துணி அறைக் கதவு சாத்தியிருக்கும், பை வந்த பிறகுதான் திறப்பார். எண் என் நாக்கு நுனிவரை வரும், பல்லைக் கடித்துக்கொண்டு சீட்டில் எழுதுவேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு மௌன விரதம் இருந்ததில்லை. ஆயாம்மாவின் மணிச் சத்தத்தை மட்டும் யாராலும் அடக்க முடியவில்லை. ஐந்நூற்று ஒன்று காட்டினாலும் தீயணைப்பு வண்டி மாதிரி அடித்தார். ஏழு முறை அடித்தார். ஏழு முறையும் எனக்குக் கன்னத்தில் விழுந்தது மாதிரி இருக்கும், ஆனால் கால் ஓடிவிடும். ஏழு பேருக்கும் அந்த நிமிடமே மருந்து போனது. ஒருத்திகூட மயங்கவில்லை. நடந்து வீட்டுக்குப் போனார்கள்.

கடைசியில் கூட்டம் நடந்தது. சின்ன அரங்கம், முன்வரிசையில் பெரிய டாக்டர், பின்னால் ஆறு அறை நர்ஸுகளும் நிறைந்திருந்தார்கள். வாசலில் நாத்தனார் என் காதருகில், "நானே பேசிடறேன் அண்ணி. நாலாம் நம்பர்னு மட்டும்தான் போட்டிருக்கேன். யாருன்னு தெரியாது" என்றாள்.

"எல்லாருக்கும் தெரியும். நீ அட்டவணையைக் காட்டு, நாலாம் நம்பரை நான் பார்த்துக்கறேன்."

அவள் முறைப்படி எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் நான் எழுந்தேன்.

"நாலாம் நம்பர் நான்தான். முதல் தடவை வந்த கணக்கு பொய். என் பேர் கெடக் கூடாதுன்னு எடையைத் திருத்தியிருந்தாங்க, எனக்கே தெரியாம. திரும்பப் பார்த்ததுல உண்மை வந்திருக்கு. நாற்பது பேர்ல ஐந்நூறைத் தாண்டினவங்க ஏழு பேர். நான் கண்டுபிடிச்சது ரெண்டு. மத்த அஞ்சு பேரையும் முந்நூறு, நானூறுன்னு எழுதியிருக்கேன். கொஞ்சமா போனா சரியாச் சொல்றேன். நிறையப் போனா பாதிதான் என் கண்ணுக்குத் தெரியுது."

பின்வரிசையிலிருந்து ஆறாம் அறையின் புது நர்ஸ், சின்னப் பெண், எழுந்து, "அப்ப இத்தனை வருஷத்துல எத்தனை பேரை அப்படி அனுப்பியிருப்போம் சிஸ்டர்?" என்று கேட்டாள். பக்கத்தில் இருந்தவள் அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அவளை விடு, நல்ல கேள்வி" என்றேன். "தெரியாதும்மா. பழைய பதிவேட்டுல நான் சொன்ன எண் மட்டும்தான் இருக்கு. இனிமே அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. நாளையிலேர்ந்து வர்றவங்களைத்தான் நாம கண்டுபிடிக்க முடியும்."

குரல் நடுங்கவில்லை. ஒன்றை நன்றாகத் தெரிந்துகொண்டு பேசுகிறபோது எனக்கு எப்போதும் குரல் நடுங்காது.

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆறு மிஷினுக்கும் எழுதிடறேன். எடை பார்க்காம யாரையும் வார்டுக்கு அனுப்பக் கூடாது. ஆனா ஆராய்ச்சி மிஷின் காலேஜுக்குத் திரும்பிடும். புதுசுல முதல்ல ஒண்ணுதான் வரும், மத்தது வர ஒரு மாசம் ஆகும்." கொஞ்சம் யோசித்தார். "அதை ஆறாம் ரூமுக்குக் குடுப்போம். அங்க எல்லாம் புதுப் பிள்ளைங்க. உங்களுக்கு அவசரமில்லையே? இப்பதான் உங்க கண்ணு எங்க தப்பு பண்ணுதுன்னு உங்களுக்கே தெரிஞ்சுடுச்சு."

அவர் என்னைத் தாங்கிப் பிடிக்கத்தான் அப்படிச் சொன்னார். அந்த அன்பு புரிந்தது. ஆனால் நான் உட்காரவில்லை.

"இல்ல மேடம். முதல் மிஷின் என் ரூமுக்குத்தான் வேணும். அந்தப் பிள்ளைங்க தப்பாச் சொன்னா எல்லாரும் மிஷினை நம்புவாங்க. நான் தப்பாச் சொன்னா மிஷின் ரிப்பேர்னு நெனைப்பாங்க."